வீட்டில் ஆள் இருப்பின்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். அப்பா எப்படி இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய் என்று தனித்தனியாக எழுது. போன தடவை இரண்டு பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நாங்கள் நலம்" என்று அனுப்பிவிட்டாய்.

அவை உறுப்பினர் விடுதியில் ஐந்தாவது மாடியில் அறை கிடைத்திருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் இதுவரை என் கைப்பை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதற்கு ஆள் கிடைக்கும் என்று தோன்றவில்லை.

பூகோள டீச்சரை ஜனங்கள் ஓட்டுப் போட்டு இங்கே அனுப்பிவிட்டார்கள். என்னை எங்கே உட்கார வைப்பதென்று கட்சிக்குத் தெரியவில்லை. கடைசியில் விதிகள் ஆய்வுக் குழுவில் போட்டார்கள். கட்சிக் கொறடா சமாதானம் சொன்னார்: "அங்க சண்டை சச்சரவு இல்லம்மா. உக்காந்து படிக்கிற வேலை. டீச்சருக்கு ஏத்தது."

வேலை இதுதான். அவையில் நாங்கள் ஒரு சட்டத்தை நாள்கணக்கில் விவாதித்து, கூச்சல் போட்டு, கைதூக்கி நிறைவேற்றுகிறோம். கடைசிப் பக்கத்தில், "இது குறித்து அமைச்சர் விதிகள் செய்யலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு அமைச்சர் தன் அறையில் கையெழுத்துப் போட்டால் போதும். அரசிதழில் அச்சான அன்றிலிருந்து அதுவும் சட்டம். யாரும் கைதூக்க வேண்டாம். அப்படி வருகிற விதிகள் நாங்கள் கொடுத்த அதிகாரத்துக்குள் நிற்கின்றனவா, வேலி தாண்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் குழு. தாண்டியிருந்தால் ரத்து செய்யச் சொல்லி அவைக்கு எழுதலாம். இதுவரை அப்படி எத்தனை நடந்திருக்கிறது என்று குழுச் செயலரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அறை நிலவறை. அதில் ஜன்னல் கிடையாது.

அப்பாவின் நர்ஸ் குடைக்காரம்மா ஒழுங்காக வருகிறாரா? அப்பாவிடம் என் வேலையைப் பற்றிச் சொல்.

உன் தங்கை

*

பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

கேட்டபடியே தனித்தனியாக. அப்பா: வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு காலையில் தெளிவு, சாயங்காலம் குழறல். சாப்பாடு பரவாயில்லை. நான்: இருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. அவரைப் பற்றி அவர் காதுபட என்னத்தைச் சொல்ல.

"விதிகளைப் படிக்கிற வேலையாம்பா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீச்சர் வேலைய விட்டுட்டு ஜோசியம் பார்க்கப் போயிட்டாளா?" என்றார். குடைக்காரம்மா அப்போது அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் கணக்கு தப்பிப்போய் மறுபடியும் காற்றடிக்க வேண்டியதாயிற்று.

வாரம் மூன்று நாள் வருகிறார். வெயிலோ மழையோ, கையில் குடை. "குடை வந்தாச்சா?" என்று அப்பா விடிந்ததிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவார். படுத்தே இருப்பவருக்கு முதுகு புண்ணாகிவிடும் என்று அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் கையைக் கொடுத்துத் தூக்கப் போனேன். "மனுசன இழுக்கக் கூடாது. கீழ விரிச்ச துணிய இழுக்கணும்" என்றார். எனக்கு வரவில்லை. கடைசியில் என்னையே கட்டிலில் படுக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் புரட்டிக் காட்டினார். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு அன்றைக்கு முழுவதும் அதே சிரிப்பு.

வேலை முடிந்ததும் முன்னறையில், என் பட்டறையில், ஐந்து நிமிடம் உட்காருவார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகின கம்பியைப் பிரித்தெடுத்துப் புதுச் செம்புக் கம்பியில் சுருள் கட்டுவதை வேடிக்கை பார்ப்பார். "நரம்பு மாதிரியே இருக்கு. உங்களுக்கு மாத்த முடியுது, எங்களுக்குத்தான் முடியல" என்றார். ஐந்து நிமிடம் என்று எழுதிவிட்டேன். தேநீர் ஆறும் நேரம் என்று வைத்துக்கொள். அவர் ஆறவைத்துத்தான் குடிப்பார்.

வேளைக்குச் சாப்பிடு. பெரிய இடத்தில் இருக்கிறோம் என்று பட்டினி கிடக்காதே.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணாவுக்கு,

ஜலதோஷம் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் ஜோசியத்தை நிலவறையில் சொன்னேன். குழுத் தலைவரே சிரித்துவிட்டார். அவர் எதிர்க்கட்சிக்காரர், முன்னாள் நீதிபதி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

கண்டிப்பான மனிதர். போன வாரம் படகுப் பாதுகாப்பு விதி வந்தது. எங்கள் கட்சி உறுப்பினர் ஒருவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில், "எங்க மாமனாருக்கே ரெண்டு படகு இருக்கு, எனக்குத் தெரியாதா?" என்றார். தலைவர் பேனாவை மூடினார். "அப்ப நீங்க இதுல பேசக் கூடாது. வெளிய இருங்க." மாமனாரின் படகில் இவருக்கு என்ன பங்கு என்று மற்றவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். "வீட்டு விஷயம் தெரிஞ்சவங்க வெளிய. தெரியாதவங்க உள்ள. அவ்வளவுதான்" என்றார் தலைவர். பாவம், விவாதம் முடிகிறவரை அவர் நடையில் நின்று சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்கக் கூட்டத்தில் இருக்கிறேன், பேசுவதற்கு ஆள் இல்லை. லிப்ட் இயக்குபவரிடம்தான் அதிகம் பேசுகிறேன். அதுவும் ஐந்து மாடி தூரம். நேற்று ஆறாவது மாடி வரை போய்விட்டு, மறந்துவிட்டதாகச் சொல்லி இறங்கி வந்தேன்.

நீ எழுதுவதைப் படித்தால் நம் வீடு கலகலப்பாக இருப்பதுபோல இருக்கிறது. இன்னும் எழுது.

தங்கை

*

ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். வேலை அதிகம். ஜலதோஷம் விட்டதா?

அப்பா அப்படியே இருக்கிறார். பட்டறையை முன்னறையிலிருந்து அப்பா அறைக்கு மாற்றிவிட்டேன். மேசை கொள்ளாது என்பதால் கம்பிச் சுருளை மட்டும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து கட்டுகிறேன். அவரைப் பார்த்தமாதிரியும் ஆயிற்று, வேலை நடந்தமாதிரியும் ஆயிற்று. வெளியிடத்துக்குப் போய் மோட்டார் மாட்டிக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டேன். அலைச்சல்.

முழங்காலில் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணுகிறது. புதிதாக வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன்

*

மே 3

அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்பதை இந்தத் தடவை மனதாரக் கேட்கிறேன். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. என் மேல் ஏதாவது கோபமா?

சங்கதி ஒன்று. வீட்டுச் செவிலியர் சட்டம் போன அவை நிறைவேற்றியது. "படுக்கையில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் செவிலியர் வீடு தேடிச் சென்று உதவ வேண்டும்" என்று தெளிவாக இருக்கிறது. கடைசியில் வழக்கமான வரி: "சேவை எவ்விதம் நடைபெற வேண்டும் என்பது குறித்து அமைச்சர் விதிகள் செய்யலாம்." இப்போது அமைச்சர் விதி செய்திருக்கிறார். "வீட்டில் வயதுவந்த உறவினர் இருப்பின் அந்நோயாளிக்கு இச்சேவை பொருந்தாது."

எவ்விதம் என்று சொல்லச் சொன்னால், யாருக்கு என்பதையே மாற்றிவிட்டார். அவை கொடுத்ததை ஒரு கையெழுத்தில் எடுத்துவிட்டார். சுகாதாரத் துறை விதிக் கட்டின் நடுவில் இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் தள்ளிவிட்டிருப்பேன். "வீட்டில்" என்ற சொல் கண்ணில் பட்டு நின்றுவிட்டேன்.

தலைவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்களே எடுத்து நடத்துங்க. இந்தக் கூட்டத்தொடர் முடியறதுக்குள்ள முடிவு பண்ணணும், இல்லன்னா விதி நிலைச்சுடும்" என்றார்.

துறை இதை வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கொண்டுவருகிறதாம். நம் பக்கம் வந்துவிட்டதா? குடைக்காரம்மா வருகிறார்தானே? வராவிட்டால் உடனே எழுது. படகுக்காரரைப் போல நானும் வெளியே போய் நிற்க வேண்டும். குழுவில் அமைச்சரை விட்டுக்கொடுக்காத என் கட்சிக்காரர்கள் என்னைத் தவிர நான்கு பேர், அந்தப் பக்கம் தலைவரோடு நான்கு பேர். நான் வெளியே போனால் சரிசமம். சரிசமம் என்றால் விதி பிழைத்துக்கொள்ளும். அதற்காக நீ எதையும் மறைக்க வேண்டாம்.

தங்கை

*

மே 9

அன்புத் தங்கைக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. உன் கடிதம் இன்றைக்கு வந்தது, இன்றைக்கே எழுதுகிறேன்.

குடைக்காரம்மாவைக் கேட்டிருந்தாய். அதே குடைதான். கைப்பிடி மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார். அப்பா கேட்காத நாளில்லை.

ஆனால் பக்கத்துத் தெருவில் இந்த விதி வந்துவிட்டது. இரும்புக்கடை மாடியில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் படுக்கை. மகள் நூற்பாலையில் வேலை. வீட்டில் வயதுவந்த உறவினர் இருக்கிறார் என்று நர்ஸை நிறுத்திவிட்டார்கள். மகள் வேலைக்குப் போகும்போது தாயின் இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள். கேட்டதற்கு, "வீட்டில ஆள் இருக்குன்னு எழுதியிருக்காங்கண்ணே. அந்த ஆள் எப்ப இருக்கும்னு யாரும் கேக்கலயே" என்றாள். உனக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

நீ எழுந்து போக வேண்டாம். உட்கார்ந்து பேசு. இங்கே எல்லாம் நடக்கிறது.

அண்ணன்

*

ஜூன் 20

அண்ணாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு நான் இரண்டு அட்டை போட்டேன். பதில் இல்லை. வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது?

துறை அதிகாரியை நிலவறைக்குக் கூப்பிட்டு விசாரித்தோம். நல்ல மனிதர், நன்றாக உடுத்தியிருந்தார். நான்தான் கேட்டேன்.

"வீட்ல வயசுவந்த உறவினர் இருந்தா நர்ஸ் வேண்டாம்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நர்ஸ் பற்றாக்குறைம்மா. ஆள் இருக்கிற வீட்டுக்கு எதுக்குன்னு..."

"ஆள்னா? எண்பது வயசு மனைவி இருந்தா?"

"அவங்களும் வயதுவந்த உறவினர்தான்."

"பகல் முழுக்க ஆலையில வேலை பார்க்கிற மகள்?"

"ஒரே முகவரியில இருந்தா, ஆமா."

"அந்த ஆளுக்கு மருந்து கொடுக்கத் தெரியுமா, தூக்கத் தெரியுமான்னு யாராவது பார்த்தீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். "சொந்தக்காரங்கதானேம்மா. அன்பா பார்த்துப்பாங்க."

அன்பாக என்ற சொல் சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தலைவர் கேட்டார். அதிகாரி சட்டத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் கொறடா என் அறைக்கு வந்தார். கைப்பையை எடுத்துவிட்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு முதல் விருந்தாளி அவர்தான். கூட்டத்தொடர் முடிந்ததும் மந்திரிசபையை மாற்றுகிறார்களாம், கல்வியில் துணை அமைச்சர் இடம் ஒன்று காலியாம், டீச்சருக்குப் பொருத்தமாம். "ஓட்டெடுப்பு அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தாகூட யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார். எனக்குக் காய்ச்சலே வருவதில்லை என்றேன். "வரும்மா, வரும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் எங்கள் கட்சிக்காரர்கள் நான் உட்காருகிற மேசைக்கு வருவதில்லை. தட்டை வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. யாரோடாவது ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிட வேண்டும்போல இருக்கிறது. நீயாவது எழுது.

தங்கை

*

ஜூலை 8

அண்ணா,

பதில் இல்லை. இன்று காலையில் போன் செய்தேன். அப்பா எடுத்தார். எவ்வளவு நேரம் அடித்தது தெரியுமா? இடது கையால் எடுக்கப் பழகிவிட்டார் போலிருக்கிறது. "அண்ணன் எங்கப்பா?" என்றேன். கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தூங்குறான்" என்றார். நீ பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. இராத்திரி வேலை பார்த்தாயா?

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். "குடை இல்ல, குடை இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். அங்கே நல்ல மழை என்று வானொலியில் சொன்னார்கள். யாரோ நனைந்துகொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. எனக்குக் காய்ச்சல் இல்லை. பயம் இருக்கிறது. இரண்டு வரி எழுது, போதும்.

தங்கை

*

ஜூலை 29

அன்புத் தங்கைக்கு,

செய்தியை வானொலியில் கேட்டோம். ஐந்துக்கு நான்கு. அமைச்சர் அவை வரைக்கும் போக விரும்பாமல் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று நேற்றுச் சொன்னார்கள். அப்பாவுக்கு மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

மார்ச் கடைசியிலேயே விதி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. குடைக்காரம்மா அவரே வந்து சொன்னார். வாசலிலேயே நின்று, "உங்க வீட்ல ஆள் இருக்குன்னு எழுதிட்டாங்க" என்றார். யார் அந்த ஆள் என்று ஒரு நொடி எனக்கும் விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் நர்ஸ்களைக் குறைத்துவிட்டார்கள். அவரை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மே மாதம் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்றதைப் பார்த்தேன். குடையின் கைப்பிடி மாறியிருந்தது. உனக்கு எழுதியது பொய்யில்லை.

வீட்டு விஷயம் தெரிந்தவர்கள் வெளியே, தெரியாதவர்கள் உள்ளே என்று நீதான் எழுதினாய். உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரும்புக்கடை மாடியில் இருப்பவர்களைப்போல எத்தனை வீடு இருக்கும். நீ நடையில் நின்று தீயணைப்பு அறிவிப்பைப் படிப்பதில் யாருக்கு என்ன லாபம்.

ஜூலை எட்டாம் தேதி காலையில் அப்பாவைப் புரட்டும்போது முதுகில் பளீரென்று ஏதோ பிடித்துக்கொண்டது. கட்டிலுக்குக் கீழே விழுந்தேன். கால் அசையவில்லை. அவர் மேலே, நான் கீழே. "என்னடா தேடுற?" என்றார். விழுந்ததைச் சொன்னேன். எட்டிப் பார்க்க அவரால் முடியாதே, இடது கையைத் தொங்கவிட்டுத் துழாவினார். என் தலைமுடி கைக்கு அகப்பட்டது. பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. நீதான் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு காலையில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு என்று வானொலியில் கேட்டிருந்தேன். "சொல்லாதீங்கப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாதீங்க" என்று தரையிலிருந்தே சொன்னேன். அவர் என் முடியை விட்டுவிட்டு போனை எடுத்தார். பேசிவிட்டு வைத்துவிட்டு மறுபடியும் கையைத் தொங்கவிட்டார். அவர் அழுவது கட்டில் ஆடியதில் தெரிந்தது.

மத்தியானம் மரக்கடைக்காரர் தன் மோட்டாரைக் கேட்டு வந்தார். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அவர் கடை ஆட்கள் இரண்டு பேர்தான் இத்தனை நாளும் காலையிலும் மாலையிலும் வந்து அப்பாவைப் புரட்டினார்கள். ஐயாவுக்குக் கீறல் விழாமல் திருப்பணும் என்று தேக்குமரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். நான் இப்போது பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறேன். அப்பாவுக்கு முதுகில் ஒரு புண். ஆறி வருகிறது.

நீ நன்றாகச் செய்தாய்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

தலைவரிடம் கடிதத்தோடு போனேன். நின்றுகொண்டே படித்தார். என் ஓட்டைத் தள்ளிவிடுங்கள் என்றேன். "தெரியாம போட்ட ஓட்டு செல்லும். தெரிஞ்சப்புறம் மறைச்சாதான் தப்பு. நீங்க மறைக்கல" என்றார். குறிப்பேட்டில் பதியச் சொன்னார். பதிந்தது எப்படியோ பத்திரிகைக்குப் போய்விட்டது. "சொந்த வீட்டு நர்ஸுக்காக விதியை வீழ்த்திய உறுப்பினர்" என்று நேற்று முதல் பக்கத்தில் வந்தது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்தும், வீட்டுக்காகப் போட்ட ஓட்டு என்ற பேர் வந்தே விட்டது. துணை அமைச்சர் இடம் படகுக்காரருக்கு. கொறடா நடையில் எதிர்ப்பட்டார், வணக்கம் மட்டும் சொன்னார்.

அதெல்லாம் போகட்டும். அந்த ஓட்டை இன்றைக்கும் அப்படியேதான் போடுவேன். ஆனால் நீ தரையில் கிடந்தாய், நான் மழை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். இதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது என்று யோசித்தாயா? எனக்கு அவர் அப்பா இல்லையா? வீட்டில் வயதுவந்த உறவினர் நீ ஒருவன்தானா? என்னை உள்ளே உட்கார வைப்பதற்காக நம் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாய்.

கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. பதினெட்டாம் தேதி வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். துணியை இழுப்பதை எனக்குக் காட்டிக்கொடு.

இன்னொன்று. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் எழுதியது ஒரு மனுஷன், ஏப்ரலில் எழுதியது வேறு மனுஷன். எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மட்டும் நீ குடைக்காரம்மாவைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீ ஆற்றைத் தாண்டிப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வா. பதில் எழுத வேண்டாம். சட்டைகளை மட்டும் துவைத்து வை.

தங்கை

*

செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

பேருந்து மெதுவாகத்தான் வந்தது, முதுகு தாங்கியது. அப்பாவின் புண் எப்படி இருக்கிறது? புது நர்ஸ் திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொன்னார்களே, வந்தாரா? அவருக்கும் அப்பா ஏதாவது பெயர் வைத்துவிடுவார், நீ முன்கூட்டியே சொல்லி வை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன். அறையில் மின்விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்து எண்ணெய் விட்டேன். விடுதிக்காரர் அதற்காக வாடகையில் குறைக்கவில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? நான் நோயாளியும் இல்லை, நோயாளியின் சொந்தக்காரனும் இல்லை. நேற்று முதுகு வலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு முதுகு நன்றாகத் தேறிவிட்டது என்றார். வெளியே வரும்போது குடைக்காரம்மா மருந்துத் தட்டோடு எதிரே வந்தார். நின்றுவிட்டார்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றார் உடனே. முகம் வெளுத்துப்போனது. நல்ல செய்தி சொல்ல ஒருவன் இவ்வளவு தூரம் வருவான் என்று யார் நினைப்பார்கள். "ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கார். எங்க வீட்டுப் பொண்ணு வந்து பார்த்துக்கிறா" என்றேன். "அப்ப நீங்க?" என்றார். "சும்மாதான்" என்றேன்.

இடைவேளையில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்தோம். நான் என்ன பேசினேன் என்று கேட்பாய். அப்பாவின் புண் ஆறிவருகிற விதத்தை முழுதும் சொன்னேன். மரக்கடை ஆட்களைப் பற்றிச் சொன்னேன், ரொம்பச் சிரித்தார். உன்னைப் பத்திரிகையில் படித்ததாகச் சொன்னார். "உங்க தங்கச்சியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். நம்மளயும் ஒருத்தர் நினைச்சிருக்காங்கன்னு தோணுச்சு" என்றார். அவருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. நர்ஸ் விடுதியில் நான்கு பேருக்கு ஒரு அறை, நான்கு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையாம். வந்த புதிதில், பேசுவதற்காகவே தூங்குகிற நோயாளியை எழுப்பி மருந்து கொடுத்திருக்கிறாராம்.

வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. மணி அடித்தது. எழுந்துவிட்டார். போய்க்கொண்டே திரும்பி, "நாளைக்கும் இதே நேரம்தான் எனக்கு இடைவேளை" என்றார். அவ்வளவுதான்.

போனில் கேட்கலாம் என்று நினைத்தேன். நீ எடுத்தால் அப்பா பக்கத்தில், அப்பா எடுத்தால் எனக்கு வெட்கம். அதனால் நம் பக்கம் வருகிற பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்று சாயங்காலத்துக்குள் உன் கையில் சேர்ந்துவிடும்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன், உனக்குத் தெரியும். இந்த வாரம் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொள்வாயா?

அண்ணன்